வினிதா அழவில்லை

ஜெகதீசனைக் கிடத்தியிருந்த பந்தலில் அழாமல் உட்கார்ந்திருந்தவள் ஒருத்திதான். அவன் பெண்டாட்டி வினிதா.

திருவொற்றியூர்க் குப்பத்தில் சாவு விழுந்தால் தெருவே அழும். பெண்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். தெருமுனையிலேயே முடியை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு, செத்தவன் யாருக்கு என்ன செய்தான், எந்தப் புயலில் யாரைக் கரை சேர்த்தான் என்று சொல்லிச் சொல்லி அழுவார்கள். அன்று ஜெகதீசனின் அம்மா முத்தம்மா போட்ட கூச்சலில், விரைவுச் சாலையில் துறைமுகத்துக்கு வரிசைகட்டி நின்ற கண்டெய்னர் லாரிக்காரர்கள்கூட இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்கள். மகள் லோகேஸ்வரி கல்லூரியில் அப்போதுதான் முதல் வருஷத்தை முடித்திருந்தாள். அப்பாவின் கால்களைக் கட்டிக்கொண்டவளை யாராலும் பிரிக்க முடியவில்லை.

வினிதா தலைமாட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் கட்டிப்பிடித்தபோது சாய்ந்துகொடுத்தாள். பிடித்து உலுக்கினார்கள், ஆடினாள். "வாய்வுட்டு அழுதுடுமே, உள்ள வெச்சிக்காத" என்று ஒவ்வொருத்தியும் காதில் சொன்னாள். வினிதாவும் முயன்று பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள், தொண்டையைத் திறந்தாள். சத்தம் வந்தது. ஆனால் அது அழுகை இல்லை என்று அவளுக்கே தெரிந்ததும் நிறுத்திவிட்டாள்.

துக்கம் இல்லாமலா? இருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ யாரையோ போட்டு அடிக்கிற சத்தம் சுவர் வழியாகக் கேட்பதுபோல இருந்தது. சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போகத்தான் அவளுக்கு வழி தெரியவில்லை.

அவள் நான்கு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறவள் என்பது குப்பத்துக்கே தெரியும். பயத்துக்கு மாத்திரை.

அந்தப் பயம் முதல்முதலில் வந்தது ஒரு ஷேர் ஆட்டோவில். காசிமேட்டில் ஏலம் எடுத்த மீனோடு அவளும் முத்தம்மாவும் தேரடியில் விற்க வந்துகொண்டிருந்தார்கள். டோல்கேட் தாண்டியதும் யாரோ மார்மேல் ஏறி உட்கார்ந்ததுபோல இருந்தது. மூச்சு பாதியில் நின்றது. விரல் நுனியெல்லாம் மரத்து, கண் இருட்டி, இதோ சாகப்போகிறோம் என்று தோன்றியது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் ஈசிஜி எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரமே மறுபடி வந்தது. மறுபடியும் ஈசிஜி, மறுபடியும் ஒன்றுமில்லை. நாளாக ஆக, ஆட்டோவில் ஏறப் பயம், பஸ்ஸில் ஏறப் பயம், பிறகு வாசலைத் தாண்டவே பயம் என்றாகிவிட்டது. ஜெகதீசன் விசைப்படகில் டிரைவர். கடலுக்குப் போனால் ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் வருவான். அந்த நாட்களில் அவள் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு விழுங்க முடியாமல் உட்கார்ந்திருப்பாள்.

முத்தம்மா சும்மா இருக்கவில்லை. தர்காவில் கயிறு மந்திரித்துக் கட்டினாள். எண்ணூரில் ஒரு பூசாரியிடம் கூட்டிப்போய் எலுமிச்சம்பழம் சுற்றினாள். எதிர்வீட்டு சில்வியா ஜெபக்கூட்டத்துக்கு அழைத்துப்போனாள். அங்கே பாட்டு நன்றாக இருந்தது. பாட்டு முடிந்து வெளியே வந்ததும் படியிலேயே பயம் பிடித்துக்கொண்டது.

கடைசியில் ஜெகதீசன்தான் எங்கோ விசாரித்து டாக்டர் பெர்சிஸிடம் கூட்டிப்போனான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் பாத்திரக்கடை வைத்த குடும்பம் அவருடையது. கடைக்கு மேல் மாடியில் கிளினிக். கீழே பித்தளையும் எவர்சில்வரும் மோதுகிற சத்தத்துக்கு நடுவில் அவர் தணிந்த குரலில் பேசுவார். இது இதயத்துக்கு வந்த நோய் இல்லை, பொய்யும் இல்லை, பதற்ற நோய் என்று சொன்னார். இரண்டு வழி உண்டு என்றார். ஒன்று, வாரம் ஒருமுறை கவுன்சிலிங். பயப்படுகிற இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகப் பழக்குவார்கள். மருந்தே இல்லாமலும் பலருக்கு அதில் சரியாகிவிடும். இன்னொன்று மாத்திரை. வேலை செய்யச் சில வாரம் ஆகும், முதலில் குமட்டும், தூக்கம் மாறும், சிலருக்கு மனசு கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கும். இரண்டும் சேர்ந்தால் நல்லது என்றார்.

ஜெகதீசன் படகு இன்ஜின் வாங்குகிறவன்போலக் கேள்விமேல் கேள்வி கேட்டான். பழகிவிட்டால் விட முடியாதா, மூளையைப் பாதிக்குமா, எத்தனை காலம் என்றெல்லாம் கேட்டான். இது போதை மாதிரி இழுக்கிற மாத்திரை இல்லை, ஆனால் திடீரென்று மட்டும் நிறுத்தக்கூடாது என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார்.

வீட்டில் அதைச் சொன்னபோது, கவுன்சிலர் என்றதும் முத்தம்மா வார்டு கவுன்சிலர் என்று நினைத்துவிட்டாள். நம் வீட்டுச் சங்கதியை ஓட்டு கேட்டு வருகிறவனிடமா போய்ச் சொல்வது என்று சண்டைக்கு வந்தாள். ஜெகதீசன் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனான். ஆனால் வாராவாரம் வினிதாவை ராயபுரம் கூட்டிப்போக ஆள் இல்லை. அவன் கடலில் இருப்பான். முத்தம்மாவோ அங்கே வரமாட்டேன் என்றுவிட்டாள். அவளால் தனியாகப் படியிறங்க முடியாது. அதனால் மாத்திரை என்று முடிவானது.

"எங்கம்மா சுகருக்குப் போடல? அது மாதிரி இதுவும் ஒண்ணு. யாரு இன்னா சொன்னாலும் நீ போடு" என்றான் ஜெகதீசன்.

போட்டாள். ஒரு மாதத்துக்குப் பிறகு ஒருநாள் அவளே வாசலைத் தாண்டித் தேரடி வரை நடந்துபோய்த் திரும்பி வந்தாள். பிறகு மூச்சை மெதுவாக இழுத்து விடுவதை டாக்டரே சொல்லிக்கொடுத்தார். எப்போதாவது பயம் எட்டிப் பார்த்தால் அதைச் செய்வாள், அடங்கிவிடும். மறுபடி மீன் விற்கப் போனாள். பாரிமுனைக்குத் தனியாகப் பஸ்ஸில் போய் மகளுக்குத் துணி எடுத்து வந்தாள். அக்கா மகள் கல்யாணத்தில் பெண்ணை அனுப்பும்போது எல்லோரும் அழ, தனக்குமட்டும் கண் கலங்கவில்லை என்பதைக் கவனித்தாள். அதை அப்போது ஒரு குறையாக நினைக்கவில்லை. பயம் போயிருந்தது. அதோடு வேறு என்ன போனால்தான் என்ன?

ஜெகதீசன் செத்தது கடலில் இல்லை. மீன்பிடித் தடைக்காலம் அது. படகைக் கரையேற்றி வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் தினமும் காலையில் காசிமேட்டுக்குப் போய்விடுவான்.

அன்று காலை குளித்துவிட்டு வந்தவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். மார்பை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டான்.

"வினி, இங்க இன்னாவோ அடைக்கிறா மாதிரி கீது."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள். வேர்த்திருந்தது. மே மாதம், கரண்ட் இல்லை, யாருக்குத்தான் வேர்க்காது? இடது தோளும் கனக்கிறது என்றான். அவளுக்கும் அப்படித்தான் கனக்கும். கை மரக்கிறது என்றான். அவளுக்கும் மரக்கும். அவன் சொன்ன ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரிந்த ஒன்று.

"உன் சீக்கு எனக்கு ஒட்டிக்கிச்சு போலகீது" என்று அவனே சிரித்தான்.

அவள் எதிரில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நான்கு வருஷமாக அவன் அவளுக்குச் செய்ததை முதல்தடவையாக அவள் அவனுக்குச் செய்கிறாள் என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

"மூக்கால மெதுவா இஸ்து, வாயால வுடு. பயப்படாதய்யா. இது ஒண்ணியும் பண்ணாது. எனக்கு எத்தினி வாட்டி வந்துருக்கு, செத்தா பூட்டேன்?"

அவன் இழுத்தான், விட்டான். கொஞ்ச நேரத்தில், இப்போது தேவலை என்றான். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். மதியச் சோற்றுக்கு முன்னால், படகின் அடியில் தூரிகையோடு சரிந்துவிட்டான் என்று ஆள் வந்தது.

இந்தக் காலையைப் பற்றி வினிதா யாரிடமும் சொல்லவில்லை.

காரியம் முடிந்து, பந்தல் பிரித்து, சொந்தக்காரர்கள் போன பிறகு வீட்டில் மூன்று பெண்கள்தான் மிஞ்சினார்கள். முத்தம்மா காலையில் எழுந்ததும் அழுவாள். மகன் சட்டையைப் பார்த்தால் அழுவாள், மீன் குழம்பு கொதித்தால் அழுவாள். லோகேஸ்வரி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். வினிதா இரண்டு பேருக்கும் சோறு போட்டாள்.

ஒருநாள் முத்தம்மா தட்டைத் தள்ளிவிட்டாள். "மாத்திர துன்னு துன்னு நெஞ்சு கல்லா பூட்ச்சிடி உனக்கு. எம் புள்ளைக்கு ஒரு சொட்டு கண்ணீர் வுட்டியா நீ? நாயி செத்தாக்கூட வளத்தவ அழுவுறா."

வினிதாவுக்குக் கோபம் வரவில்லை. கிழவி சொல்வது சரிதானே என்றுதான் தோன்றியது. அவளுக்கு அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று மனதில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வியாதி எனக்கு வந்திருக்காவிட்டால் அவன் நெஞ்சுவலியை நான் நெஞ்சுவலியாகப் பார்த்திருப்பேன். ஆட்டோ பிடித்திருப்பேன். வியாதி அவனைக் கொண்டுபோயிற்று, மாத்திரை அவனுக்காக அழக்கூட விடவில்லை. அன்றிலிருந்து அவள் மாத்திரையை நிறுத்திவிட்டாள். யாரிடமும் கேட்கவில்லை.

முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தலைக்குள் சுரீர் சுரீர் என்று மின்சாரம் வெட்டுவதுபோல ஆரம்பித்தது. தலையைத் திருப்பினால் கண் ஒரு நொடி தாமதமாக வந்து சேர்ந்தது. வாய் கசந்தது. மகள்மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள். அப்புறம் ஒருநாள், டிவியில் சோப்பு விளம்பரத்தில் ஒரு குழந்தை சேற்றில் விழுந்தபோது, அழுகை வந்தே விட்டது.

வினிதா நம்பமுடியாமல் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். ஓடிப்போய் ஜெகதீசன் படத்தின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். அழுகை நின்றுவிட்டது.

அதன்பின் அழுகை கண்டபடி வந்தது. கண்டக்டர் சில்லறைக்கு அதட்டினால் வந்தது. பால் பொங்கி வழிந்தால் வந்தது. தெருவில் யாரோ இரண்டு பேர் சண்டை போட்டால் வந்தது. அவனுக்காக மட்டும் வரவில்லை. அவன் முகத்தை நினைத்தால் முகமே வராது. அந்தக் கட்டில் ஓரமும், மார்பைத் தேய்த்த உள்ளங்கையும்தான் வரும். அத்தோடு எல்லாம் வறண்டு போகும். சரி, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், மாத்திரை முழுசாக உடம்பை விட்டு இறங்கட்டும் என்று காத்திருந்தாள்.

வந்தது பழைய பயம்தான். வெறும் கையோடும் வரவில்லை. தேரடியில் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது மார்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. இந்த முறை வினிதாவுக்கு நன்றாகவே தெரியும், நெஞ்சுவலியில் ஆள் சாகமுடியும். மெதுவாக மூச்சிழுக்கலாம் என்று நினைத்தாள். அந்த நினைப்பே அவளைக் கீழே தள்ளியது. அந்த மூச்சைத்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். இனி அதைத் தான் எப்படி இழுப்பது?

பக்கத்தில் பூ விற்ற புஷ்பவல்லி போன் செய்ய, லோகேஸ்வரி ஓடி வந்தாள். அம்மாவை ஆட்டோவில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். மார்பில் ஒயர் ஒட்டினார்கள், காகிதம் ஓடியது. இதயம் நன்றாக இருக்கிறது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

வினிதா தலையைத் திருப்பினாள். லோகேஸ்வரி கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நார்மல் என்று சொன்னது அவள் காதில் ஏறியதாகவே தெரியவில்லை. பற்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டிருந்தன. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. உதடு வெளுத்திருந்தது. அந்த வெளுப்பு வினிதாவுக்குத் தெரியும். ஷேர் ஆட்டோ கண்ணாடியில் அவள் தன் முகத்தில் பார்த்தது அது.

"நீயும் பூடாதம்மா" என்றாள் லோகேஸ்வரி.

வினிதா ஒயர்களோடு எழுந்து உட்கார்ந்து மகளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள்.

மறுநாள் ராயபுரம் போனார்கள். லோகேஸ்வரியை வெளியே உட்காரவைத்துவிட்டு வினிதா மட்டும் உள்ளே போனாள். டாக்டர் பெர்சிஸ் ஜெகதீசன் இறந்ததைக் கேட்டதும் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவைத்துவிட்டார். அவன் கேட்ட கேள்விகளெல்லாம் அவருக்கு நினைவில் இருந்தன.

மாத்திரையை நிறுத்தியதை வினிதா சொன்னாள். ஏன் என்பதையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள், நிறுத்தாமல் அந்தக் காலையையும் சொல்லிவிட்டாள். கட்டில், வேர்வை, மூச்சு, எல்லாம். செத்தா பூட்டேன் என்று தான் கேட்டதுவரைக்கும்.

டாக்டர் அவசரப்படவில்லை. "உங்களுக்கு அது பழைய வலி. பார்த்து, சோதிச்சு, பேர் வெச்ச வலி. அவருக்குப் புதுசு. புதுசா ஒரு நெஞ்சுவலின்னா யாருக்கா இருந்தாலும் முதல்ல ஆஸ்பத்திரிதான். இந்த வித்தியாசத்த உங்களுக்கு நாங்க யாரும் சொல்லித் தரலையேம்மா. நானும்தான் சொல்லல" என்றார். பிறகு, "ஆஸ்பத்திரி போயிருந்தா பிழைச்சிருப்பாரான்னு என்னால சொல்ல முடியாது. பிழைச்சிருக்கவும் கூடும். இல்லைன்னு உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்" என்றார்.

அந்தப் பொய்யை அவர் சொல்லாமல் விட்டது வினிதாவுக்கு ஒருவிதத்தில் ஆறுதலாக இருந்தது.

அழுகை வராததற்கு மாத்திரைதான் காரணமா என்று கேட்டாள். இருக்கலாம் என்றார் டாக்டர். சிலருக்கு இந்த மருந்து பயத்தோடு சேர்த்து மற்றதையும் தணித்துவிடும். ஆனால் துக்கமும் அதைச் செய்யும், மாத்திரையே தொடாதவர்களுக்கும் மாதக்கணக்கில் அழுகை வராமல் போவதுண்டு. இதில் எது என்று பிரித்துச் சொல்லத் தன்னிடம் கருவி இல்லை என்றார். பிறகு வழிகளைச் சொன்னார். பழைய மாத்திரையையே திரும்ப ஆரம்பித்து, நிலைக்கு வந்தபின் மெதுவாக அளவைக் குறைத்துப் பார்க்கலாம். வேறு மருந்துக்கு மாறலாம், அது ஒத்துக்கொள்ளுமா என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும். மருந்தே வேண்டாமென்றால் பக்கத்து அறையில் கவுன்சிலர் ரெஜி இருக்கிறார், சனிக்கிழமைதோறும் வந்து பேசலாம். ஆனால் வீட்டில் சாவு நடந்து, பயமும் உச்சத்தில் இருக்கிற இந்த நேரத்தில் அது மட்டும் என்றால் பாதை கடினமாக இருக்கும்.

"மாத்திர போட்டா எம் புருஷனுக்கு அழ முடியல. போடாங்காட்டி எம் பொண்ணுக்கு சோறு போட முடியல" என்றாள் வினிதா. "எதுன்னு நீங்களே சொல்லுங்க டாக்டர்."

"என் யோசனையச் சொல்றேன். திரும்ப ஆரம்பிங்க, கூடவே ரெஜிகிட்டயும் வாங்க. ஆனா எதை விட்டுக்கொடுக்கிறதுங்கிறது உங்க முடிவு. அத நான் எடுக்கக்கூடாது."

வீட்டுக்கு வந்த வினிதா சாயங்காலம்வரை கடற்கரையில் கொட்டியிருந்த கற்கள்மேல் உட்கார்ந்திருந்தாள். தடைக்காலம் முடியப்போகிறது. படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் பேச்சு தொடங்கியிருந்தது. ஜெகதீசன் இருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. போடு என்பான். ஆனால் அழுகையை விட்டுக்கொடு என்று அவனிடமே போய் எப்படிக் கேட்பது? அது அவனுக்குச் சேரவேண்டியதல்லவா? அவன் இருந்தவரை அவள் கொடுத்ததைவிட வாங்கியதுதான் அதிகம். கடைசியாகக் கொடுக்க இது ஒன்றுதான் இருந்தது. அதைக் கொடுத்தால் மகள் மறுபடி அந்த ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

ராத்திரிச் சோறு முடிந்ததும் அவள் முத்தம்மாவின் கண்முன்னாலேயே மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"மறுபடியுமா?" என்றாள் முத்தம்மா.

"ஆமா அத்த." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வினிதா அவள் எதிரில் உட்கார்ந்தாள். "ஒண்ணு சொல்லணும். அப்பால நீ இன்னா வேணா சொல்லு, கேட்டுக்கிறேன். அன்னிக்கி காலீல அவரு நெஞ்சு அடைக்கிதுன்னு சொன்னாரு. நான்தான் பயம்னு நெனச்சி மூச்சு இஸ்து வுட சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவல."

பேச்சு கேட்கிற தூரத்தில் லோகேஸ்வரி இருந்தாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

முத்தம்மா கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று வினிதா காத்திருந்தாள். கிழவி முந்தானையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கிட்டயும் சொன்னான்மா" என்றாள்.

வினிதாவுக்குப் புரியவில்லை.

"போவசொல்ல தெருமுனைல என்னைப் பாத்தான். கூடை இறக்கிகினு இருந்தேன். ஆயி, நெஞ்சுல இன்னாவோ குத்துதுன்னான். வாயுடா, ராத்திரி கருவாடு துன்னியே, அதான்னேன். பக்கத்துக் கடைல பூண்டு வாங்கி நசுக்கிக் குடுத்தேன். வாங்கி துன்னுட்டு, சரியா பூட்சுன்னு சொல்லிட்டுப் போனான்." அவள் கை தரையில் எதையோ தேடுவதுபோல அலைந்தது. "சரியா பூட்சுன்னானே. பெத்தவளுக்கு இன்னா தெரியும்னு என்னை ஏச்சிட்டு பூட்டான்."

எல்லாருக்கும் முன்னால் அவள் அழுத அத்தனை அழுகைக்கும் உள்ளே என்ன இருந்தது என்று வினிதாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. தட்டைத் தள்ளிவிட்டுப் பேசிய பேச்சு யாரை நோக்கியது என்பதும் தெரிந்தது. நகர்ந்துபோய்க் கிழவியின் தோளைப் பிடித்தாள். முத்தம்மா அவள் மடியில் விழுந்து அழுதாள். இந்த முறை சத்தம் வரவில்லை, முதுகு மட்டும் குலுங்கியது. லோகேஸ்வரி ஈரக்கையோடு வந்து வாசற்படியில் நின்றாள். பிறகு அவளும் வந்து ஒட்டிக்கொண்டாள்.

வினிதா இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டு உலர்ந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தாள்.

"நான் அழுது அழுது கரைச்சிகினு கீறேன்" என்றாள் முத்தம்மா கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "உனக்கு அதுவும் இல்ல. நீ அழுவ வேணாம்டி. உனக்கும் சேத்து நானே அழுவுறேன். மாத்திரைய வுட்டுடாத."

பயம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. மாத்திரை பிடிக்கச் சில வாரங்கள் ஆயின. அந்த வாரங்களில் முத்தம்மாதான் அவளை ராயபுரம் கூட்டிப்போனாள். வார்டு கவுன்சிலருக்கும் இந்த ரெஜிக்கும் சம்பந்தமில்லை என்பதை அவள் நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டாள். பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்கள் வாங்கும் குடத்தை எல்லாம் தட்டிப் பார்த்து யோசனை சொல்லிக்கொண்டிருப்பாள். லோகேஸ்வரியும் சில தடவை ரெஜியிடம் பேசினாள். அவளுக்கு இப்போதைக்கு மருந்து வேண்டியதில்லை, பேசினால் போதும், பார்த்துக்கொள்வோம் என்றார் டாக்டர். புதுசாக எங்கே என்ன வலி வந்தாலும் முதலில் ஆஸ்பத்திரி என்று அந்த வீட்டில் இப்போது யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

மூச்சுப் பயிற்சியை மட்டும் வினிதா செய்ய மறுத்துவிட்டாள். ரெஜி வற்புறுத்தவில்லை. அதற்குப் பதிலாகப் பாதம் தரையில் படுவதைக் கவனிக்கச் சொன்னார். அது அவளுக்கு ஒத்துவந்தது. தேரடியில் கூடை முன்னால் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சூடான தார்ரோட்டில் காலை ஊன்றிக்கொள்வாள்.

மழைக்காலம் போய்ப் பொங்கலும் முடிந்த பிறகு டாக்டர் அளவைக் கொஞ்சம் குறைத்தார். ஒரு மாதம் கழித்து இன்னும் கொஞ்சம். அதற்குமேல் குறைத்தபோது பயம் தலைதூக்கியது, எனவே அங்கேயே நிறுத்தினார்கள்.

அந்த அளவில் வினிதாவுக்கு அழுகை வரவில்லை. ஜெகதீசனின் முதல் வருஷத் திதியிலும் அவள் அழவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முத்தம்மா அழுதாள்.

ஆனால் ஒரு சனிக்கிழமை ரெஜியின் அறையில் உட்கார்ந்து ஏதோ மீன் விலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். கொஞ்ச நாளாக அவன் முகம் வருகிறது என்றாள். முன்பெல்லாம் கட்டிலும் கையும்தான் வரும். இப்போது முகம் முழுசாக வருகிறது, சிரித்துப் புரையேறிய முகம்கூட. வந்தால் இங்கே, விலா ஓரத்தில் குத்துகிறது. பயம் வருகிற இடம் இல்லை, அதற்குக் கொஞ்சம் கீழே. புது வலி என்பதால் ஆஸ்பத்திரியிலும் போய்ப் பார்த்துவிட்டாள். இதயத்தில் ஒன்றும் இல்லை.

தாங்கமுடியாமல் இருக்கிறதா, டாக்டரிடம் சொல்லி அளவைக் கொஞ்சம் ஏற்றலாமா என்று ரெஜி கேட்டார்.

கீழே யாரோ ஒரு பெரிய அண்டாவை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"வேணாம் சார்" என்றாள் வினிதா. "இது இருக்கட்டும்."

ரெஜி தலையாட்டினார். அவள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினாள். முத்தம்மா கடை வாசலிலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு பேரும் திருவொற்றியூர் பஸ்ஸுக்கு நடந்தார்கள்.